மணிப் பெட்டி வாங்கி ஏமாந்தால்

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். பொழுதுபோக்காக மணிமாலை கோக்கத் தொடங்கி, இணையத்தில் எல்லாச் சாமானும் அடங்கிய பெட்டி ஒன்று எடுத்தேன். ‘சாயம் போகாத கண்ணாடி மணி’ என்று போட்டிருந்தார்கள். முதல் மாலையைப் போட்டுக்கொண்டு வெயிலில் போய்வந்தால் கழுத்தெல்லாம் சிவப்பு. பாதி மணிக்குள் ஊசியே போகவில்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா? இனி எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாகக் கேளுங்கள், தங்கச்சி. சொன்ன பொருள் ஒன்று, வந்தது வேறொன்று. விளம்பரத்தை அவர்கள் அழிக்க முதலே படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு வையுங்கள். பேசிச் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாடு என்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கடையில் வாங்கும்போதும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டுச் சட்டம்.

இனிமேல் பெட்டியாக வாங்கவே வேண்டாம். ஒரே நிறத்தில் நல்ல மணி பத்துக் கிராம் போதும். மணியின் அளவு இலக்கம் கூடக் கூட மணி சிறிதாகும்: 8 என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர், 11 என்றால் 2. பழகும் கைக்கு 8 நல்லது. பத்துப் பன்னிரண்டை ஊசியில் கோத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மலிவு மணி என்றால் ஒன்று தடித்து, ஒன்று தட்டையாகி, வரிசை நெளியும். உடைந்த துளை விளிம்பு நூலையும் அறுக்கும். ஜப்பான் மணிகள் விலைதான், ஆனால் அளவு பிசகாது, துளையும் பெரிது. சாயம் பார்க்க, நகப்பூச்சு நீக்கியில் பஞ்சை நனைத்து இரண்டு மணியைத் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த மணி கழுத்துக்கு ஆகாது.

நூலில் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்கள் ஊரில் தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் நூல், எங்கும் கிடைக்கும், மீனுக்கு அது சரி. மாலையில் விறைத்து நிற்கும், வெயில் பட்டுப் பட்டுப் பலமும் குறையும். பாரமான கண்ணாடி மணிக்கு நைலோன் பூசிய உருக்குக் கம்பிதான் நம்பிக்கை. கொக்கி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மெல்லிய பொன்முலாம் இந்த உப்புக் காற்றுக்கு நிற்காது. கொக்கி பட்ட இடம் அரித்தால் அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. உடனே கழற்றி, கொக்கியை மாற்றுங்கள்.