எம்.டி.டி.யில் நிறம் குறைந்தால் செல் செத்துவிட்டதா?

கேள்வி: பெப்டைடு (சின்னப் புரதத் துண்டு) போட்ட குழிகளில் எம்.டி.டி. (உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் சோதனை) அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. என் பெப்டைடு புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று எழுதலாமா?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் போலிருக்கிறது. கைடு அவசரப்படுத்துவார். இருந்தாலும் எழுதாதீர்கள், முதலில் பிளேட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் லேபிலும் இதே கூத்து நடந்தது. அந்தப் பெப்டைடில் ஆர்.ஜி.டி. என்ற மூன்று அமினோ அமில வரிசை இருந்தது: ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம். செல் ஒட்ட உதவும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தில் செல் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான் என்று 1984-இல் பியர்ஷ்பாக்கரும் ரூஸ்லாஹ்தியும் காட்டினார்கள். அதையே கரைத்து மீடியாவில் (செல் வளரும் திரவத்தில்) விட்டால் செல்லின் பிடிப்புப் புரதமான இன்டெக்ரின் அதைப் பிடித்துக்கொள்ளும், தட்டைப் பிடிக்காது. சீனியர் "டாக்ஸிக்" என்று ஸ்லைடே போட்டுவிட்டார். நான் பார்த்தபோது செல்கள் உருண்டு திரண்டு மிதந்துகொண்டிருந்தன. அந்த மீடியாவில் கொஞ்சம் எடுத்து டிரிப்பான் புளூ கலந்தேன். செத்த செல்லில்தான் நீலம் ஏறும். இவற்றில் பெரும்பாலானவை பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தன. எம்.டி.டி.யில் மீடியாவை உறிஞ்சிக் கொட்டும்போது உயிரோடிருந்த செல்களும் போய்விட்டன, நிறம் எங்கிருந்து வரும்?

அப்புறம் ஆர்.ஜி.ஈ. பெப்டைடு கேட்டு நச்சரித்தேன். ஆஸ்பார்ட்டிக் இருந்த இடத்தில் குளூட்டாமிக் அமிலம், ஒரே ஒரு கார்பன்தான் கூடுதல், ஆனால் இன்டெக்ரின் இதைப் பிடிக்காது. "கன்ட்ரோலுக்குப் போய் இவ்வளவு காசா?" என்றார்கள். வாங்கிப் போட்டதும் செல்கள் சமர்த்தாகத் தட்டில் ஒட்டிப் படர்ந்தன. ஸ்லைடு காணாமல் போனது. எனக்கு இன்றைக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

"ஒட்டாத செல் தானாகவே சாகுமே" என்று யாராவது வருவார்கள். தெரியும், அதற்குப் பெயர் அனாய்க்கிஸ். பல புற்றுநோய் செல்கள் அதற்கும் அசைவதில்லை. ஆர்.ஜி.டி.யை நான் மட்டம் தட்டவும் இல்லை. ஆனால் அந்த வழியில் வந்த சிலெஞ்சிடைடு என்ற மருந்து, 2014-இல் வெளியான மூளைக்கட்டி மூன்றாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. தட்டில் தெரிவதை வைத்து மருந்து என்று குதிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. ப்ராஜெக்ட் பிள்ளைகளிடம் ஆயிரக்கணக்கில் வசூலித்துவிட்டு, பில்லும் தராமல், குப்பியில் என்ன இருக்கிறது என்றும் சொல்லாத லேப்கள் இருக்கின்றன. என் தங்கையே அப்படிக் கட்டினாள். பில் கேளுங்கள். கூடவே பெப்டைடின் அனாலிசிஸ் சான்றிதழும் கேளுங்கள்: சுத்திகரிப்பில் ஒட்டிக்கொள்ளும் டிரைஃபுளோரோ அசிட்டேட்டே சில செல்களின் வளர்ச்சியைக் குறைக்கும். அசிட்டேட் உப்பாக மாற்றியதா என்று அதில் போட்டிருக்கும்.