லினக்ஸ் நிறுவியும் விண்டோஸே திறக்கிறதா?

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையையும் நிறுவினேன். இயக்கினால் நேராக விண்டோஸே வருகிறது. பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) எதை மாற்றுவது? நம்பகமான கையொப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கத்தான் வேண்டுமா?

பதில்: அணைக்க வேண்டாம். உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் உள்ள ஷிம் என்ற சிறு நிரல் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு வருவதால் செக்யூர் பூட் அதைத் தடுக்காது. ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகளில்தான் அணைக்கவோ சொந்தச் சாவியைப் பதிக்கவோ நேரும்.

எதையும் தொடுமுன் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் கோப்புகளை மீட்க வழியில்லை.

இனி, கணினியை இயக்கியதும் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டுங்கள் (தயாரிப்பாளருக்கேற்ப விசை மாறும்). பூட் பிரிவில் 'உபுண்டு' வரியை 'விண்டோஸ் பூட் மேனேஜர்' வரிக்கு மேலே ஏற்றிச் சேமியுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

அந்த வரியே இல்லையா? நிறுவியபோது யூஎஸ்பி 'லெகசி' என்ற பழைய தொடக்க முறையில் தொடங்கியிருக்கலாம். அதை மறுபடி செருகி, பூட் பட்டியலில் 'யூஇஎஃப்ஐ' (இன்றைய தொடக்க முறை) என்ற முன்னொட்டுள்ள வரியைத் தேர்ந்தெடுத்து, 'நிறுவாமல் பயன்படுத்து' வழியாக உள்ளே போங்கள். சிஸ், ஃபர்ம்வேர் கோப்புறைகளுக்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை தெரிந்தால் முறை சரி. உபுண்டுவை அழிக்க வேண்டியதில்லை. லினக்ஸைத் தொடங்கும் க்ரப் நிரலின் இஎஃப்ஐ பதிப்பை மட்டும் இஎஃப்ஐ பகிர்வில் (தொடக்க நிரல்கள் இருக்கும் வட்டுப் பகுதியில்) நிறுவினால் போதும்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். லினக்ஸால் விண்டோஸ் இருக்கும் பகிர்வில் எழுத முடியாது.