எதிலும் நிலையாக நிற்காத பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்திருந்தது. மகள் உயிரியலும் கணிதமும் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அம்மாவின் பையில் மதிப்பெண் பட்டியலோடு மகளின் நோட்டுப் புத்தகமும் இருந்தது. குற்றத்துக்குச் சாட்சி போல அதை என் முன் விரித்து வைத்தார். ஒரு பக்கத்தில் கண்ணாடிவிரியன் நஞ்சு ரத்தத்தை என்ன செய்கிறது என்ற குறிப்பு. அடுத்த பக்கத்தில் சோழர் செப்பேடுகளில் வரும் நில அளவைகள். அதையடுத்து, வெங்காய விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று இரண்டு பக்கம். "எதிலும் நிலையாக நிற்கமாட்டேன் என்கிறாள்" என்றார் அம்மா. அப்பா வாயே திறக்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் பெரியப்பா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாராம். நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல், செயற்கை நுண்ணறிவுப் பிரிவு. நான்கு ஆண்டுக்குப் பதினான்கு லட்சம். நிலத்தை அடமானம் வைக்கப் பத்திரமும் எடுத்து வைத்தாகிவிட்டது.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. நோட்டில் எழுபது பக்கம் இருக்கிறது, அதில் நிரல் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் கணினியைக் கேட்டிருந்தால் கடனைப் பற்றி யோசிக்கலாம். கேட்காத படிப்புக்காக, சோறு போடும் நிலத்தை அடமானம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தவணை கட்டப்போகிறவர் பெரியப்பா இல்லை. படிக்கப்போகிறவரும் அவர் இல்லை.

நீட், நர்சிங், பி.காம். பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொன்னேன்: நூலகம் மற்றும் தகவல் அறிவியல். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும் வேலை என்று நினைத்துவிட்டார். அந்த நினைப்பைத்தான் முதலில் கலைக்க வேண்டியிருந்தது.

உங்கள் காவிரி டெல்டாவிலேயே இருக்கும் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானபோது, இது வேண்டாம், வகுப்புக்கே திரும்புகிறேன் என்றுதான் அவரும் தவித்தார். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போனவர், அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே சில துண்டுகளைத் திருகாணியால் மாற்றி மாற்றி இணைத்தால் வண்டியும் வரும், பாலமும் வரும். அறிவையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து இணைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உருவாக்கி, 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு அதுதான் விதை. தஞ்சாவூரில் 1950களில் நெல் நோயை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் ஒரு துண்டு, நோய் ஒரு துண்டு, கட்டுப்படுத்தும் செயல் ஒன்று, இடம் ஒன்று, காலம் ஒன்று. இப்படிப் பிரிக்க வேண்டுமென்றால் வேளாண்மையும் தெரிந்திருக்க வேண்டும், வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே துறைக்குள் அடைந்து கிடப்பவரால் இந்த வேலை ஆகாது.

இன்னொருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன். இயற்பியல் படித்துவிட்டு நூலகவியலுக்கு வந்தவர், மருத்துவர் அல்ல. குளிர்பட்டால் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் நோயைப் பற்றி ஒரு கட்டு ஆய்வுகள் இருந்தன. அந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டியாக இருக்கிறது என்று அவை சொல்லின. மீன் எண்ணெய் பற்றி வேறொரு கட்டு. அது ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது என்று அவை சொல்லின. இந்தக் கட்டில் இருந்தவர்கள் அந்தக் கட்டைப் படித்ததில்லை. இரண்டையும் படித்த ஸ்வான்சன், 1986இல் மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவக்கூடும் என்று எழுதினார். பின்னால் நடந்த மருத்துவச் சோதனை அதற்கு ஆதரவாகவே அமைந்தது. அடுத்து ஒற்றைத் தலைவலியையும் மக்னீசியத்தையும் அதே வழியில் இணைத்தார். இதைச் சொன்னபோது அந்தப் பெண் தன் நோட்டைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது இந்த வேலை இன்னும் பெரிதாகிவிட்டது. நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் சோத்கங்கா தளத்தில் சேர்ந்திருக்கின்றன. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. இத்தனையையும் ஒழுங்குபடுத்தி, தேடுகிறவர் கையில் சரியானதை எடுத்துக்கொடுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

வழி இதுதான். முதலில் அரசு கலைக் கல்லூரியில் ஒரு பட்டம். அது மன்னார்குடியிலேயே இருக்கிறது, செலவு ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. விலங்கியலா, வரலாறா, பொருளியலா என்பதை அவளே சொல்லட்டும். அதில் நான் உட்பட யாரும் தலையிட வேண்டாம். கூடவே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கற்றுக்கொள்ள வேண்டும், அவை இல்லாமல் இந்தத் துறையில் மேலே போக முடியாது. பிறகு பெங்களூரில் ரங்கநாதன் 1962இல் தொடங்கிய ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. அது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பகுதி. எந்தப் பட்டம் பெற்றவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். கல்விக் கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைக்கும் இடம் அது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அதன்பின் கல்லூரி, பல்கலைக்கழகப் பணிக்கான நெட் தகுதித் தேர்வு. பல்கலைக்கழக உதவி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி ஒரே ஊதிய நிலைதான், தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். அரசுப் பணியிடங்களை நிரப்ப ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் நூலகருக்குக் கொடுக்கும் சம்பளம் வாடகைக்கே போதாது. அந்தக் காத்திருப்புக் காலத்தைத் தாங்க வேண்டுமென்றால் குடும்பம் கடன் இல்லாமல் இருக்க வேண்டும். நிலத்தைத் தொடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

எழுந்து போகும்போதுதான் அப்பா முதன்முதலாகப் பேசினார். "அண்ணனிடம் யார் சொல்வது?" என்றார். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். போனை மகள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, இன்று இரவே நீங்களே பேசிவிடுங்கள் என்றேன்.