ஷ்ராப்ஷயரில் இரண்டு இரவு: கேட்டதும் சொன்னதும்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது ஷ்ராப்ஷயர். குன்றும் மேய்ச்சல் நிலமும் சின்னச் சின்னச் சந்தை ஊர்களுமாக இருக்கும் மாவட்டம். வார இறுதியில் அங்கே போய்வர நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பல வருடமாக அந்தப் பக்கம் குடியிருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். ஷ்ரூஸ்பரி, அயர்ன்பிரிட்ஜ், லட்லோ, ஸ்டோக்ஸே கோட்டை, லாங் மின்ட், மச் வென்லாக் எல்லாவற்றையும் பட்டியலில் போட்டிருக்கிறேன். முடியுமா? (ரெடிங்கிலிருந்து ஒருவர்)

முடியும். ஆனால் பாதி நேரம் காரிலேயே கழியும். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிந்தாலும் சாலைகள் வளைந்து வளைந்து போகிறவை. ஒரே ஊரில் இரண்டு இரவும் தங்குங்கள், அதைச் சுற்றி இரண்டே இடம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் சர்ச் ஸ்ட்ரெட்டன்தான். சனிக்கிழமை லாங் மின்ட் மலை, ஞாயிறு காலை ஸ்டோக்ஸே, அப்படியே வீடு. மற்றதை இன்னொரு தடவைக்கு விட்டுவிடுங்கள், அவை எங்கும் போய்விடாது.

ஸ்டோக்ஸேயைக் கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது அரசன் கட்டியதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் லாரன்ஸ் என்ற லட்லோ கம்பளி வியாபாரி தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. பெரிய கூடத்தின் நடுவில் தரையோடு தரையாக எண்கோண அடுப்பு இன்னும் இருக்கிறது. புகைபோக்கி கிடையாது, புகை நேரே கூரைக்குத்தான் போக வேண்டும். அதன் பக்கத்தில் நின்று தலைக்கு மேலே உள்ள மர உத்தரங்களைப் பாருங்கள். கோட்டை பார்த்து அலுத்தவர்களும் அந்தக் கூடத்தில் நின்றுவிடுவார்கள்.

எங்களிடம் கார் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் வந்தால் சமாளிக்கலாமா?

தாராளமாக. யூஸ்டனில் ஏறி பர்மிங்ஹாம், உல்வர்ஹாம்ப்டன் அல்லது க்ரூவில் மாறினால் ஷ்ரூஸ்பரி. அங்கிருந்து தெற்கே போகும் ரயிலில் கால் மணி நேரத்தில் சர்ச் ஸ்ட்ரெட்டன், அதற்கடுத்து க்ரேவன் ஆர்ம்ஸ், அப்புறம் லட்லோ. மூன்றும் ஒரே பாதை. க்ரேவன் ஆர்ம்ஸில் இறங்கி ஒரு மைல் போல நடந்தால் ஸ்டோக்ஸே. சர்ச் ஸ்ட்ரெட்டன் நிலையத்திலிருந்து லாங் மின்ட் அடிவாரத்துக் கார்டிங் மில் பள்ளத்தாக்குக்கு நடந்தே போகலாம். கார் இல்லாதவர்களுக்கு இவ்வளவு தோதான கிராமப்புறம் இங்கிலாந்தில் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயில் குறைவு, திரும்பும் வண்டியை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அயர்ன்பிரிட்ஜுக்கு ரயில் நிலையம் இல்லை, டெல்ஃபர்ட் சென்ட்ரலில் இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும்.

ஒரு பாலத்தைப் பார்க்க அயர்ன்பிரிட்ஜ் வரை போக வேண்டுமா? பிள்ளைகளுக்கு 8, 11 வயது.

போக வேண்டும். பெரிய வார்ப்பிரும்புப் பாலம் என்று உலகில் முதலில் கட்டப்பட்டது அதுதான். மூன்றாம் ஏப்ரகாம் டார்பி 1779இல் செவர்ன் ஆற்றின் குறுக்கே நிறுத்தினார், 1781 புத்தாண்டு அன்று திறந்தார்கள். அவர் தாத்தா 1709இல் பக்கத்து கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரி (நிலக்கரியைச் சுட்டெடுக்கும் கோக்) போட்டு இரும்பு உருக்கிக் காட்டியவர்.

பிள்ளைகளைப் பாலத்துக்கு அடியில் கூட்டிப்போய் இணைப்புகளைக் காட்டுங்கள். இரும்பில் இவ்வளவு பெரிய பாலத்துக்கு முன்மாதிரி கிடையாது. அதனால் தச்சர்கள் மரத்தைப் பூட்டுவது போலவே கழுந்தை (ஒரு துண்டின் நீட்டு முனையை) இன்னொன்றின் துளையில் இறக்கி, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். 1795இல் செவர்னில் பெருவெள்ளம் வந்தபோதும் பாலம் அசையாமல் நின்றது. மேலே ஏறினால் சுங்க வீட்டுச் சுவரில் பழைய கட்டணப் பலகை இருக்கிறது. படைவீரர், தபால் வண்டி, ஏன், அரச குடும்பமே வந்தாலும் காசு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இப்போது கொடுக்க வேண்டாம், இலவசமாக நடக்கலாம்.

பிள்ளைகளுக்கு இன்னும் பிடிப்பது ப்ளிஸ்ட்ஸ் ஹில். விக்டோரியா காலத்து ஊர் ஒன்றைக் கடை, பட்டறை, பள்ளிக்கூடத்தோடு அமைத்திருக்கிறார்கள். அங்குள்ள வங்கியில் நம் காசைக் கொடுத்து பழங்காலக் காசாக மாற்றி மிட்டாய் வாங்கலாம். அதற்கே அரை நாள் போய்விடும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் 70 தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. மலை ஏற முடியாது.

அப்படியானால் ஷ்ரூஸ்பரியில் தங்குங்கள். ஊரைச் செவர்ன் ஆறு கிட்டத்தட்ட முழு வட்டமாகச் சுற்றிப் போகிறது. குவாரி பூங்காவில் ஆற்றங்கரைப் பாதை சமதளம், பத்தடிக்கு ஒரு பெஞ்ச் இல்லாவிட்டாலும் உட்கார இடம் நிறைய. நூலகத்துக்கு எதிரே டார்வின் சிலை. அவர் 1809இல் பிறந்தது இந்த ஊரில்தான், படித்தது இப்போது நூலகமாக இருக்கும் அதே கட்டடத்தில். ஒரு நாள் அட்டிங்ஹாம் பூங்காவுக்கு (பழைய மாளிகையும் தோட்டமும்) கூட்டிப்போங்கள். அம்மாவுக்கு மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும், மறக்காதீர்கள்.

நான் ஆற்காட்டுக்காரன். ராபர்ட் கிளைவ் அந்த மாவட்டத்துக்காரர் என்று படித்தேன். ஏதாவது பார்க்க இருக்கிறதா?

இருக்கிறது, நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. கிளைவ் 1725இல் மார்க்கெட் ட்ரேட்டன் பக்கத்தில் பிறந்தவர். 1751இல் உங்கள் ஊர்க் கோட்டையில் முற்றுகையைத் தாக்குப்பிடித்துத்தான் பெயர் வாங்கினார். பிறகு ஷ்ரூஸ்பரிக்கு மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஊர் நடுவே சதுக்கத்தில் 1860இல் வைத்த வெண்கலச் சிலை நிற்கிறது. 2020இல் அதை எடுத்துவிட வேண்டும் என்று பெரிய விவாதம் நடந்தது, எடுக்கவில்லை.

சிலையோடு நிறுத்தாதீர்கள். ஷ்ரூஸ்பரியில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் எல்லை தாண்டி வெல்ஷ்பூல், அங்கிருந்து நடை தூரத்தில் போவிஸ் கோட்டை. கிளைவின் மகன் எட்வர்ட் மெட்ராஸ் கவர்னராக இருந்தபோதுதான் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தானின் பூப்போட்ட கூடாரமும், அவர் சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை ஒன்றும் போவிஸ் கோட்டையில் இருக்கின்றன. அந்தத் துணியின் முன் நிற்கும்போது மனம் கனக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க்காரர் யார் வந்தாலும் ஒரு நாளை அதற்கு ஒதுக்கச் சொல்வேன்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் நேரம் முக்கியம். கிராமத்துப் பப்புகளில் மதியம் 2 மணி வாக்கில் சமையலறையை மூடிவிடுவார்கள், இரவும் 9க்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும். சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள், சூப்பில் என்ன ஸ்டாக் (இறைச்சிச் சாறா, காய்ச் சாறா) என்று கேட்டுவிடுங்கள், சில இடங்களில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். உள்ளூர்ப் பெருமையான ‘ஃபிட்ஜெட் பை’ (pie) என்ற பண்டத்தில் பன்றி இறைச்சி உண்டு. சமைத்துச் சாப்பிடுவதென்றால் காட்டேஜ் வீடு ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பலர் வெள்ளி முதல் திங்கள் வரை அல்லது திங்கள் முதல் வெள்ளி வரைதான் விடுவார்கள், பள்ளி விடுமுறையில் ஒரு வாரமாகத்தான் கொடுப்பார்கள். அரிசி, பருப்பு, மசாலாவை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காய், ரொட்டி, சீஸுக்கு லட்லோ சந்தை போதும்.

எந்த மாதம் நல்லது?

ஆகஸ்ட். லாங் மின்ட் முழுக்க ஹீதர் பூத்து ஊதாவாக இருக்கும், முழங்கால் உயரச் செடிகளில் விம்பெர்ரி பழுத்திருக்கும். பறித்துத் தின்றால் விரலும் நாக்கும் நீலமாகிவிடும். கூட்டம் வேண்டாதவர்கள் மே மாதம் வாரநாளில் வாருங்கள். டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடும்.

சாட்நாவ் (காரின் வழிகாட்டிக் கருவி) எங்களை பர்வே என்ற சாலையில் ஏற்றப் பார்க்கிறது. போகலாமா?

சர்ச் ஸ்ட்ரெட்டனிலிருந்து லாங் மின்ட் மேலே ஏறும் சாலை அது. ஒற்றைத் தடம், செங்குத்து, ஒரு பக்கம் தடுப்பே இல்லாத சரிவு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் வரை ரிவர்ஸில் போகத் தெரிய வேண்டும். பழக்கமில்லையென்றால் பள்ளத்தாக்கிலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். மேலே போல் பேங்க் உச்சி 516 மீட்டர், வானம் தெளிவாக இருந்தால் வேல்ஸ் மலைகள் வரிசையாகத் தெரியும். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனம்) எக்ஸ்ப்ளோரர் 217 வரைபடத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைபாதை யாரோ ஒருவருடைய வயலுக்குள் போகிறதே, அத்துமீறல் ஆகாதா?

மஞ்சள் அம்புக்குறி இருந்தால் பொதுப்பாதை, நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பாதையை விட்டு விலகாமல் போங்கள். கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். கன்றோடு மாடு நின்றால் நடுவில் புகாமல் சுற்றிப் போங்கள், நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள்.