அக்காவிடம் கேளுங்கள்: கிளாஸில் வாயே திறக்க முடியவில்லை!

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குத் திருக்கோவிலூர் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத கோட்டாவில் கோவையில் ஒரு கல்லூரியில் இசிஇ சேர்ந்திருக்கிறேன். பிளஸ் டூ கணக்கில் 91. இங்கே மேட்ரிக்ஸ் நடத்தினால் பாதிகூட மண்டையில் ஏறவில்லை. முதல் நாள் இங்கிலீஷில் செல்ஃப் இன்ட்ரோ கொடுக்கச் சொன்னார்கள். பெயரும் ஊரும் சொல்லி அப்படியே நின்றுவிட்டேன், பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து கடைசி பெஞ்ச்தான். முதல் இன்டர்னலில் கணக்கில் 50-க்கு 14. தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கமே வருவதில்லை. அப்பாவிடம் சொல்லவும் பயம்.
பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, 91 வாங்கின மூளை மூன்றே மாதத்தில் மழுங்கிப்போகுமா என்ன? உனக்கு வந்திருப்பது பெயர்க் குழப்பம். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம் எது, சொல்லு பார்க்கலாம். அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள். நேர்மாறு அணி, அணியின் தரம் எல்லாம் போட்டுத் தள்ளியவன்தானே நீ? அதையேதான் உங்கள் சார் இன்வெர்ஸ், ரேங்க் என்கிறார். ஐகன் வேல்யூ, கெய்லி-ஹாமில்டன் தேற்றம் இதெல்லாம் நிஜமாகவே புதுசுதான், ஆனால் ஸ்டேட் போர்டில் இங்கிலீஷ் மீடியம் படித்து வந்த பையனுக்கும் அது புதுசுதான், அவன் முன் பெஞ்சில் உட்கார்ந்து முழிக்கிறான், நீ பின்னால் உட்கார்ந்து முழிக்கிறாய்.

ஒரு வேலை செய். நம் பிளஸ் டூ பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே புத்தகம்தான், பாட வரிசை, பயிற்சி எண், கணக்கு எல்லாம் அப்படியே ஒன்று, இரண்டுமே பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கும். இரண்டிலும் பயிற்சி 1.1-ஐ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். ஒரு நாற்பது பக்க நோட்டில் சார்பு, அந்தப் பக்கம் ஃபங்ஷன். எல்லை, அந்தப் பக்கம் லிமிட். வகையிடல், அந்தப் பக்கம் டிஃபரன்ஷியேஷன் என்று எழுதிக்கொண்டே வா. தினம் அரை மணி நேரம் போதும். கணக்கு உனக்குத் தெரிந்த கணக்கு என்பதால் டிக்‌ஷனரியே தேவைப்படாது.

இதை நான் சும்மா சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் வருட பிசிக்ஸ் வைவாவில் 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்றால் என்ன?' என்று கேட்டார்கள். மரம் மாதிரி நின்றேன், பத்துக்கு இரண்டு மார்க். ஹாஸ்டலுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், அது நம்ம நிலைமத் திருப்புத்திறன்! பள்ளியில் பக்கத்து பெஞ்ச் பெண்ணுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கு அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

கிளாஸில் எழுந்து சந்தேகம் கேட்க இப்போதைக்கு வராது, விடு. மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு நோட்டோடு போய், 'சார், இந்த ஸ்டெப் எங்கிருந்து வந்தது?' என்று தமிழிலேயே கேள். 'எதுவுமே புரியவில்லை சார்' என்று போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஒரு வரியைக் காட்டிக் கேட்டால் சொல்லிக்கொடுத்துவிடுவார். நாளையிலிருந்து மூன்றாவது வரிசைக்கு மாறிவிடு. 7.5 என்று எவனாவது இழுத்தால் இழுத்துவிட்டுப் போகட்டும். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2021-ல் சட்டம் போட்டு இன்ஜினியரிங்குக்கும் கொண்டுவந்த இடம் அது, நீ யாருடைய சீட்டையும் பிடுங்கவில்லை.

அந்த 14-ஐ அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, வேறு யார் வாயிலிருந்தாவது அவர் காதுக்குப் போனால்தான் வம்பு. தூக்கம் இன்னும் வரவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடு, டெலிமானஸ் என்கிற அரசு மனநல ஆலோசனை எண், காசு கிடையாது, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: சீனியர்கள் ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டு ரெக்கார்ட் எழுதச் சொல்கிறார்கள். 'இதெல்லாம் ஜாலிக்குத்தான்' என்கிறார்கள். இதுவும் ராகிங்கா?
முதலாண்டு மாணவர், சேலம்

பதில்: ராகிங்தான், சந்தேகமே வேண்டாம். சீனியர் வேலையை ஜூனியர் தலையில் கட்டுவதை யுஜிசி 2009-ல் போட்ட விதிகளிலேயே ராகிங் என்று எழுதி வைத்திருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான், 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தனிச் சட்டமே வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். முதலில் வார்டனிடம் எழுத்தில் கொடு, ஒரு நகலை போனில் படம் எடுத்து வைத்துக்கொள். அவர் 'பசங்கதானே, விடுப்பா' என்று மழுப்பினால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522-க்குக் கூப்பிடு, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். தனியாகப் போகாதே, உன்னை மாதிரி எழுதிக்கொண்டிருக்கும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: மகள் ஹாஸ்டல் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. போன் எடுத்தாலே அழுகிறாள். வாரா வாரம் கூட்டி வந்துவிடலாமா?
ஒரு அம்மா, தேனி

பதில்: வேண்டாம்மா. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிற பிள்ளைக்கு வியாழக்கிழமையே மனசு ஊருக்கு வந்துவிடும், ரூமில் இருக்கிற மற்ற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து துணி துவைத்து, மெஸ் பூரியைத் திட்டி, சிநேகமாகிற நேரத்தில் இவள் மட்டும் இருக்கமாட்டாள். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். போனில் 'அழுதியா, சாப்பிட்டியா' என்று ஆரம்பிக்காமல் ரூம்மேட்டுகள் பெயரைக் கேளுங்கள், அவர்கள் ஊர் எது, யார் குறட்டை விடுகிறாள் என்று கேளுங்கள். சாப்பாட்டையே ஒதுக்குகிறாள், கிளாஸுக்கே போவதில்லை என்று தெரிந்தால் அது வேறு விஷயம், உடனே கிளம்பிப் போய்ப் பாருங்கள். அப்புறம், தீபாவளிக்கு வந்து திரும்பும்போது முறுக்கை இரண்டு டப்பாவாகக் கொடுத்துவிடுங்கள், ஒன்று ரூம் கதவைத் திறந்ததுமே காலியாகிவிடும்.