காத்திருப்பை நெட்வொர்க் கணக்கில் எழுதாதீர்கள்

கேள்வி: திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் எங்கள் நிரல் 64 கோர்களில் 10 மணி நேரம் எடுத்தது, அதே கணக்கு 512 கோர்களில் 4 மணி நேரம் எடுக்கிறது. புரொஃபைலரில் பார்த்தால், பாதி நேரம் எம்பிஐ ஆல்ரெட்யூஸ் அழைப்பிலேயே (இணையாக ஓடும் நிரல் பகுதிகளின் விடைகளை ஒன்றுசேர்த்து எல்லாவற்றுக்கும் தரும் அழைப்பு) போகிறது. வேகமான நெட்வொர்க் வாங்கினால் சரியாகுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். கோர்கள் 8 மடங்கு, வேகமோ 2.5 மடங்கு, திறன் ஏறத்தாழ 31 சதவீதம். மோசம்தான். ஆனால் நேரம் எந்த அழைப்பில் கழிந்தது என்பதை மட்டுமே புரொஃபைலர் சொல்கிறது, ஏன் கழிந்தது என்பதை அல்ல. ஆல்ரெட்யூஸ் முடிய, கோருக்கு ஒன்றாக ஓடும் நிரல் பகுதிகளான பிராசஸ்கள் எல்லாமே வந்து சேர வேண்டும். 511 வந்து நிற்க, ஒன்று மட்டும் கணக்கை முடிக்காமல் இழுத்தடித்தால், நின்ற நேரமெல்லாம் அந்த அழைப்பின் தலையில் ஏறிவிடும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சோதனைக்காக, ஒவ்வொரு ஆல்ரெட்யூஸுக்கும் முன்னால் ஒரு பேரியரை (எல்லாப் பிராசஸ்களும் வந்து சேரும்வரை நிறுத்தி வைக்க மட்டுமே செய்யும் அழைப்பு) போட்டு, இரண்டையும் தனித்தனியாக அளவிடுங்கள். நேரம் பேரியருக்கு இடம் பெயர்ந்தால் அது வெறும் காத்திருப்பு. நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படித்தான் பெயரும்.

அடுத்து, பிராசஸ் வாரியாகப் பாருங்கள். சராசரி இங்கே எதையும் காட்டாது. மிகக் குறைவாகக் காத்திருக்கும் பிராசஸ்தான் மற்ற அனைத்தையும் காக்க வைக்கிறது. அதை வேறொரு கணினி முனைக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். தாமதம் முனையோடு தங்கிவிட்டால் வன்பொருளைச் சந்தேகியுங்கள். பிராசஸோடு போனால் கோளாறு வேலைப் பங்கீட்டில். ஓட்டம் நடக்கும் வெளியைக் கூறுபோட்ட சிறு கட்டங்களான செல்களை எண்ணிக்கையில் சமமாகப் பிரித்தால் வேலை சமமாகிவிடாது; வேதிவினை நடக்கும் ஒரு செல், வெறும் காற்று ஓடும் பல செல்களின் நேரத்தை விழுங்கும். மெட்டிஸ் போன்ற பிரிப்பு மென்பொருளில் செல்லுக்குச் செல் எடை கொடுக்கலாம். அளந்த நேரத்தையே எடையாகக் கொடுங்கள். பூஜ்ஜியமாவது பிராசஸ் (எண் வரிசையில் முதல் பிராசஸ்) மட்டும் தனியாகக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பேரியர் போட்டும் நேரம் ஆல்ரெட்யூஸிலேயே தங்கினால், அடுத்தடுத்து வரும் சிறிய அழைப்புகளை ஒன்றாக்குங்கள். 2012-இல் வந்த எம்பிஐ 3.0-இல் காத்து நிற்காத ஐஆல்ரெட்யூஸ் உண்டு; அது முடிவதற்குள் வேறு கணக்கைச் செய்யலாம். நெட்வொர்க் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

அளந்து முடித்ததும் அந்தப் பேரியர்களை நீக்கிவிடுங்கள். மறந்துபோய் அவற்றோடே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும் உண்டு.