பொமரேனியனுக்குக் கோடையில் மொட்டை வேண்டாம்

வணக்கம். வெயிலில் இரைக்கிறதே, உங்கள் பொமரேனியன் நாயை மெஷின் வைத்து முழுதாக மழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அடர்ந்த மென்மையான உள்முடி, அதன்மேல் நீண்ட விறைப்பான வெளிமுடி என இரண்டு அடுக்கு கொண்ட இந்த ஸ்பிட்ஸ் எனும் குளிர்நாட்டு வகை நாயை ஒட்ட மழித்தால், தோலில் வெயில் நேரடியாகப் படுவதோடு, சிலவற்றுக்கு மாதக்கணக்கில் முடி திரும்ப வளராமலே நின்றுவிடுகிறது. காதுக்குப் பின்னும் தொடையிடுக்கிலும் சிக்குப்பிடித்த உள்முடியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வேர்வரை சீவி எடுத்தாலே தோலுக்குக் காற்றுப் படும். இங்கிலாந்தின் விக்டோரியா அரசி 1888இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸிலிருந்து கொண்டுவந்த பொமரேனியன்கள் இன்றையவற்றைவிடப் பெரியவை. உருவம் சுருங்கியதே தவிர, குளிர்நாட்டு ரோமம் போகவில்லை. நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். இரைப்போடு வாத்து கத்துவதுபோன்ற இருமலும் வந்தால் மூச்சுக்குழாய்த் தளர்ச்சியாக இருக்கலாம். கழுத்துப்பட்டையைக் கழற்றி மார்புப்பட்டை போட்டு, கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.